பாப்பா விழிக்கும் நேரம்: கோத்தகிரி நாட்குறிப்பு

நவம்பர் 5, செவ்வாய்

பாப்பாவுக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. கொஞ்ச நாளாகவே தூங்கி எழுந்ததும் ஒரு மாதிரி செய்கிறாள். கண்ணைத் திறப்பாள். சட்டென்று இரண்டு கையும் விரிந்து மேலே வரும், தலை முன்னால் குனியும், கால்கள் வயிற்றோடு மடங்கும். ஒரு நொடி, மிஞ்சிப்போனால் இரண்டு நொடி. விட்டுவிடும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அதே மாதிரி. இப்படி வரிசையாக வந்து ஓய்ந்ததும் வீறிட்டு அழுகிறாள். அப்புறம் துவண்டு போய் அம்மா மடியில் கிடக்கிறாள்.

உரம் விழுந்திருக்கிறது, சுளுக்குதான் என்றாள் என் அம்மா. பக்கத்து லைனில் இருக்கும் பாட்டி வந்து பழைய சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்தார். வழக்கமாகப் போகும் கிளினிக்கில் வயிற்று வலி, கேஸ் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றும் மாறவில்லை.

எனக்குத் தேயிலை பேக்டரியில் இரவு ஷிப்ட். நான் வீடு வந்து சேரும் நேரமும் பாப்பா விழிக்கும் நேரமும் ஒன்றுதான். அதனால் தினமும் என் கண்ணில்தான் இது முதலில் படுகிறது. வயிற்று வலி என்றால் அழுகைதானே முதலில் வர வேண்டும்? இவளுக்கு அழுகை கடைசியில் வருகிறது. கை தூக்குவது முதலிலிருந்து கடைசி வரை ஒரே அச்சாக இருக்கிறது. வலியில் நெளியும் குழந்தை இப்படி ஒரே அளவாக நெளியாது.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. போன மாதம் வரை என் பைக் சத்தம் கேட்டாலே சிரிப்பாள். இப்போது முகத்துக்கு நேரே குனிந்து கூப்பிட்டாலும் பார்வை எங்கோ போகிறது.

இன்று காலை போனில் வீடியோ எடுத்து வைத்தேன். ஜன்னல் திரையை விலக்கி, போர்வையை எடுத்துவிட்டு, முகமும் கை கால்களும் முழுதாகத் தெரியும்படி எடுத்தேன்.

நவம்பர் 6, புதன்

குன்னூரில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போனோம். பாப்பா அங்கே போனதும் நன்றாகத்தான் இருந்தாள். டாக்டர் தொட்டுப் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை. வீடியோவைக் காட்டினேன். ஒரு தடவை பார்த்தார், சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தார். "தூங்கி எழும்போது மட்டும்தான் வருதா? வரிசையா எத்தனை வருது? சிரிப்பு குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும் முன்பே என் மனைவி அழுதுவிட்டாள்.

"இது வலிப்பில் ஒரு வகைங்க. பார்க்கச் சின்னதாத் தெரியும், ஆனா அவசரம். அடுத்த வாரம் பார்க்கலாம்னு விடாதீங்க. நாளைக்கே கோயம்புத்தூர் போய் இ.இ.ஜி., அதாவது மூளையோட மின் அலையைப் பதிவு பண்ற டெஸ்ட், எடுத்திடுங்க" என்று சொல்லி, தெரிந்த குழந்தைகள் நரம்பியல் டாக்டருக்கு அவரே போன் போட்டார்.

வலிப்பு என்றால் எனக்குத் தெரிந்தது வாயில் நுரை தள்ளி, கை கால் வெட்டி இழுப்பதுதான். ஒரு குழந்தை கையை உயர்த்திக் கும்பிடுவது போலச் செய்வதும் வலிப்பாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 7, வியாழன்

இ.இ.ஜி. எடுக்கும்போது குழந்தை தூங்க வேண்டும். விழிக்கும் நேரமும் பதிவாக வேண்டும். ஆகவே வழியில் தூங்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். விடியற்காலைக் குளிரில் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றி, துவட்டி, கம்பளித் தொப்பி மாட்டிக் கிளம்பினோம்.

மலைப்பாதையில் கார் வளைந்து வளைந்து இறங்கும்போது எந்தக் குழந்தைதான் தூங்காது? அரவேனு தாண்டும்போதே பாப்பாவுக்குக் கண் சொருகியது. என் மனைவி கால் விரலைச் சுண்டினாள், காதில் ஊதினாள், நான் கிலுகிலுப்பையை ஆட்டினேன். குஞ்சப்பனை வரை மூடுபனி. டிரைவர் அண்ணன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டார். குளிர்காற்று பட்டதும் பாப்பா விழித்துக்கொண்டாள். மேட்டுப்பாளையம் வந்ததும் அனல் அடித்தது, மறுபடி சொருகியது. பசியோடும் தூக்கத்தோடும் அழும் பிள்ளையைத் தூங்காதே தூங்காதே என்று சொல்லிக்கொண்டே போவது போல ஒரு கொடுமை இல்லை.

அங்கே தலையெல்லாம் பசை வைத்துச் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டினார்கள். பால் குடித்தபடியே தூங்கிவிட்டாள். விழித்ததும் அதே வரிசை வந்தது. டெக்னீஷியன் அம்மா திரையில் குறித்துக்கொண்டே போனார்.

மாலையில் டாக்டர் விளக்கினார். இதற்கு இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்று பெயர். பெரும்பாலும் 3 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் ஆரம்பிக்கும். மூளையின் அலைகள் ஒழுங்கே இல்லாமல் உயர உயரமாகக் குழம்பிக் கிடந்தன. அந்தக் குழப்பத்துக்கு ஹிப்ஸ்அரித்மியா என்று பெயராம். "கை கால் வெட்டுறது வெளியில தெரியுறது. உள்ளே இந்தக் குழப்பம் நாள் பூரா ஓடுது. அதுதான் குழந்தையைக் கத்துக்க விடாம தடுக்குது. சீக்கிரம் நிறுத்த நிறுத்த நல்லது." சிரிப்பு ஏன் போனது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நவம்பர் 8, வெள்ளி

அட்மிஷன் போட்டார்கள். காரணம் தேடுகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சம் அடித்து, தோலில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பார்த்தார்கள். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் அப்படி இருக்குமாம். அதற்கு விகாபட்ரின் என்ற மருந்தைத்தான் முதலில் கொடுப்பார்களாம். பாப்பாவுக்குத் திட்டு எதுவும் இல்லை. மயக்கம் கொடுத்து மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள்.

என் மனைவிக்கு ஒரே சந்தேகம், தடுப்பூசியால் வந்ததோ என்று. ஊரில் யாரோ சொல்லிவிட்டார்கள். டாக்டர் கோபப்படவில்லை. ஊசி போடும் மாதங்களும் இந்த நோய் தலைகாட்டும் மாதங்களும் ஒன்றாக இருப்பதால் அப்படித் தோன்றும், ஊசி இதற்குக் காரணம் இல்லை என்று நிதானமாகச் சொன்னார்.

நவம்பர் 9, சனி

எம்.ஆர்.ஐ. முடிவு வந்தது. மூளையின் பின்பக்கம் பழைய தழும்பு. பாப்பா பிறந்த இரண்டாம் நாள் பால் சரியாக இழுக்காமல் சோர்ந்து, சர்க்கரை ரொம்ப இறங்கி, ஐ.சி.யூ.வில் டிரிப் போட்டிருந்தார்கள். அப்போது பட்ட அடிதான் இது. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கினால் பின்மூளைதான் அதிகம் பாதிக்கப்படும் என்றும், பார்வையின் வேலை அங்கேதான் நடக்கிறது என்றும் டாக்டர் சொன்னார். கண்ணையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

என் மனைவி அன்றிலிருந்தே "எனக்குப் பால் ஊறலையே" என்று தன்னையே குத்திக்கொண்டிருக்கிறாள். முதல் பிரசவத்தில் இரண்டாம் நாளே எத்தனை பேருக்குப் பால் நிறைய ஊறுகிறது? ஆளாளுக்கு அவளிடம் காரணம் கேட்பதை நான் இனி அனுமதிக்கப் போவதில்லை.

இரவு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது ஒரு விஷயம் சொன்னார். இந்த நோயை முதன்முதலில் எழுதி வைத்தவர் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1841இல் லான்செட் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இருந்தது அவருடைய சொந்த மகன். தலை முன்னால் குனிவது, வரிசையாக வருவது, குழந்தை சிரிப்பை இழப்பது எல்லாம் அதில் இருக்கிறதாம். அட்டை விட்டு இரத்தம் எடுத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், அபின் கொடுத்தார்கள். எதுவும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள் என்றுதான் அந்த அப்பா எழுதியிருக்கிறார். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி இதற்குக் கேட்கிறது என்று தெரிய 1958 ஆகிவிட்டது. இப்போது அந்த ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை, விகாபட்ரின் மூன்றும் இருக்கின்றன.

அந்த மனிதரை நினைத்தபடியே வெகுநேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டாக்டராக இருந்தும் அவர் கையில் மருந்து இல்லை. எங்களுக்கு இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. எடை பார்த்து அளவு சொன்னார்கள், பெரிய அளவுதான். மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் கொடுக்கிறோம். ரொம்பக் கசப்பு, பாதி வெளியே வருகிறது. எவ்வளவு துப்பினால் மறுபடி கொடுக்க வேண்டும் என்பதை நர்ஸிடம் கேட்டு எழுதிக்கொண்டோம். வயிற்றுக்கு ஒரு சிரப்பும் உண்டு.

நவம்பர் 13, புதன்

வீடு வந்தோம். காகிதத்தில் எழுதிக் கொடுத்தவை: குறிப்பிட்ட நாள்களில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிறுநீரில் சர்க்கரை பார்க்க வேண்டும். இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அதனால் சளி காய்ச்சல் உள்ளவர்கள் அருகே வரக் கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே காட்ட வேண்டும். 9 மாத ஊசி தள்ளிப்போகலாம், கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் ஒன்று: மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் உடம்பே தாங்காதாம். மாத்திரை தீருவதற்கு முன்பே அடுத்த பட்டை கையில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் ஊர் இது, நான் கூடுதலாகவே வாங்கி வைத்துவிட்டேன்.

கோத்தகிரிக் குளிரில் சளி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? குழந்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்புகிறோம். சிலருக்கு முகம் சுண்டியது. பரவாயில்லை.

அம்மா தலையணைக்கு அடியில் இரும்புச் சாவி வைத்திருந்தாள். இருக்கட்டும், அதில் கெடுதல் இல்லை. ஆனால் பெரிய வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கும் உட்கார்ந்து சொன்னேன். "அம்மா, கையில சாவி திணிக்கக் கூடாது. வாயில விரல், ஸ்பூன், தண்ணி எதுவும் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வை, கையைக் காலை அமுக்காதே, கடிகாரத்தைப் பாரு. 5 நிமிஷம் தாண்டினா 108." அம்மா அதையே எனக்குத் திருப்பிச் சொன்னாள், ஒன்றும் விடாமல்.

இந்தச் சின்ன வெட்டுகளுக்கு அவை எதுவும் தேவையில்லை. பக்கத்தில் இருந்து, எத்தனை என்று எண்ணி, நேரம் எழுதினால் போதும். நோட்டில் மூன்று பத்தி போட்டிருக்கிறோம்: விழித்த நேரம், எத்தனை, எவ்வளவு நேரம். இவள் கையெழுத்தில் பகல், என் கையெழுத்தில் விடியற்காலை.

நவம்பர் 16, சனி

குறைகிறது. காலையில் வரும் வரிசை சின்னதாகிவிட்டது. மதியம் தூங்கி எழுந்தபோது வரவில்லை. நம்பலாமா என்று தெரியவில்லை.

பசி தாங்க மாட்டேன் என்கிறாள். கன்னம் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. ராத்திரியில் காரணமே இல்லாமல் அழுகை. பேக்டரியில் சொல்லிப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். முன்னிரவு இவள், பின்னிரவு நான் என்று தூக்கிக்கொண்டு நடக்கிறோம். கொழுகொழுவென்று ஆகிவிட்டாளே என்று சந்தோஷப்படுகிறார்கள் பார்க்கிறவர்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று முழுக்க ஒன்றும் வரவில்லை. நோட்டில் இவள் வட்டமாகப் பூஜ்யம் போட்டிருக்கிறாள்.

நவம்பர் 25, திங்கள்

திரும்பவும் இ.இ.ஜி. வெட்டு நின்றுவிட்டால் மட்டும் போதாதாம், அலைக் குழப்பமும் போயிருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. குழப்பம் போயிருக்கிறது. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க அட்டவணை கொடுத்தார். சிலருக்கு மறுபடி வருவதுண்டு, அப்போது அடுத்த மருந்து இருக்கிறது என்றார். வளர்ச்சி எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அதை இப்பவே நான் சொன்னா பொய் சொன்ன மாதிரி. பிசியோதெரபியை மட்டும் விடாதீங்க" என்றார். மழுப்பாமல் சொன்னதற்கு நன்றி.

டிசம்பர் 4, புதன்

ஊட்டியில் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில், வளர்ச்சிக்கு உதவி தேவைப்படும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில், பதிவு செய்தோம். அரசாங்க மையம், பயிற்சிக்குக் காசு கிடையாது. குப்புறப் போட்டுக் கழுத்து நிற்கவைப்பதற்கும், சுருட்டிய துண்டை நெஞ்சுக்குக் கீழே வைப்பதற்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பார்வைக்காக, இருட்டிய அறையில் மஞ்சள் பந்தின் மேல் டார்ச் அடித்து மெல்ல நகர்த்தச் சொன்னார்கள்.

டிசம்பர் 9, திங்கள்

பந்து போன பக்கம் பாப்பாவின் கண் போனது. ஒரு பக்கம்தான், இடது பக்கம். என் மனைவி நம்பவில்லை, மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் போனது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

டிசம்பர் 15, ஞாயிறு

கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் தன் அக்கா குழந்தையின் வீடியோவை அனுப்பி, "அண்ணே, இது உங்க பாப்பாவுக்கு வந்த மாதிரியா?" என்று கேட்டார். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. தொட்டிலில் திடுக்கிட்டு எழுவது சாதாரணமாகவும் இருக்கலாம். வீடியோவை அழிக்காமல் இன்றே குழந்தைகள் டாக்டரிடம் காட்டச் சொன்னேன், குன்னூர் டாக்டரின் நம்பரையும் கொடுத்தேன். சாயங்காலம் போயிருக்கிறார்கள்.

பாப்பாவுக்கு மருந்து இன்னும் கொஞ்ச நாளில் முடிகிறது. வரும் வெள்ளிக்கிழமை கண் டாக்டர். நோட்டு இன்னும் எழுதுகிறோம்.