புனித டிம்ப்னாவின் ஊரில்: கேல் நகருக்கு ஒரு திருப்பயணம்

ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கேல் வந்துவிடுகிறது. பெல்ஜியத்தின் கெம்பன் என்னும் மணற்பாங்கான சமவெளியில், நெடுங்காலம் உழவையும் மாடுகளையும் நம்பி வாழ்ந்த சிறிய ஊர் இது. லூர்து போலவோ பாத்திமா போலவோ இங்கே கூட்டம் திரள்வதில்லை. ஆலயத்துக்குச் செல்லும் தெருவில் மெழுகுதிரிக் கடைகளோ செபமாலைக் கடைகளோ வரிசையாக நிற்பதும் இல்லை. ஆனால் மனநோயால் துன்புறுவோரின் பாதுகாவலி என்று கத்தோலிக்கத் திருச்சபை போற்றும் புனித டிம்ப்னாவின் ஆலயம் இங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக, மனம் கலங்கியவர்களைக் கைப்பிடித்து அழைத்துவந்த குடும்பங்கள் இந்த ஊரைத் தேடி வந்திருக்கின்றன.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருப்பது, அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது தெரியவந்தது. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பல செய்வதைப் போலவே அம்மாவும் அவனை அந்தோனியார் கோவிலுக்கு அழைத்துச் சென்று, செவ்வாய்க்கிழமைதோறும் நவநாள் செய்தார். பிறகு மனநல மருத்துவரிடமும் அழைத்துச் சென்றார். இன்றுவரை இரண்டையும் அவர் விடவில்லை. பணி நிமித்தமாக நான் பெல்ஜியத்தில் தங்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும் பங்குத்தந்தை அவரிடம் இந்த ஆலயத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "அங்க டிம்ப்னாம்மா கோயில் இருக்காமே, தம்பி பேர்ல ஒரு மெழுகுதிரி ஏத்தி வச்சிட்டு வாப்பா" என்று அம்மா தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுதலைச் சுமந்துகொண்டுதான் நான் கேல் சென்றேன்.

டிம்ப்னாவின் வரலாறு 13-ஆம் நூற்றாண்டில் எழுத்தில் பதிவானது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் 7-ஆம் நூற்றாண்டுக்கும் அந்தப் பதிவுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருப்பதால், அதை வாய்மொழி மரபாகவே கொள்ள வேண்டும். அயர்லாந்தில் ஒரு சிற்றரசனின் மகளாகப் பிறந்தவர் டிம்ப்னா. தாய் இறந்தபின் துயரத்தால் புத்தி பேதலித்த தந்தை, தாயின் சாயலில் இருந்த மகளையே மணக்க முற்பட்டான். டிம்ப்னா தம் ஆன்ம குருவான ஜெரபெர்னஸ் என்னும் முதிய குருவோடு கடல் கடந்து தப்பி, கேல் ஊரில் அடைக்கலம் புகுந்தார். வழியில் அவர்கள் செலவழித்த நாணயங்களைத் தடம் பிடித்து வந்த தந்தை, குருவைக் கொல்லச் செய்து, திரும்பி வர மறுத்த மகளின் தலையைத் தன் கையாலேயே வெட்டினான். ஆலயத்தில் 1515-ஆம் ஆண்டைச் சேர்ந்த மரச்சிற்பப் பீடம் ஒன்று இந்த வரலாற்றைக் காட்சி காட்சியாகச் சொல்கிறது. அதன் முன் நின்றபோது என் மனத்தில் ஓடியது ஒன்றுதான்: மனம் கலங்கிய ஒருவனால் உயிரிழந்த பெண், மனம் கலங்கிய எல்லோருக்காகவும் பரிந்து பேசுகிறவராகிவிட்டார். வேறு எந்த மறைசாட்சியின் வரலாற்றிலும் மன்னிப்பு இவ்வளவு நீண்ட காலம் வேலை செய்ததாக நான் அறியேன். சொந்த வீட்டுக்குள்ளேயே வன்முறைக்கு ஆளானவர்களும் இவரை நோக்கி மன்றாடுகிறார்கள். அவர்களுக்கு இவருடைய கண்ணீர் புரியும்.

இப்போதுள்ள ஆலயத்தைக் கட்டும் பணி 1349-இல் தொடங்கி 16-ஆம் நூற்றாண்டு வரை நீண்டது. என்னை மிகுதியாக ஈர்த்தது ஆலயத்தோடு ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும் நோயாளர் அறை. 15-ஆம் நூற்றாண்டு முதலே இத்தகைய அறை ஒன்று ஆலயத்தின் பகுதியாக இருந்துவந்திருக்கிறது. அழைத்துவரப்பட்ட நோயாளர்கள் இங்கே ஒன்பது நாள் தங்கி நவநாள் செய்தார்கள். நாள்தோறும் செபங்கள், பாவசங்கீர்த்தனம், திருப்பலி, ஆலயத்தைச் சுற்றி வருதல் ஆகியவற்றோடு, புனிதையின் திருப்பண்டங்கள் (உடல் எச்சங்கள்) வைக்கப்பட்டிருந்த பேழையின் அடியில் முழந்தாளிட்டுத் தவழ்ந்து செல்லும் வழக்கமும் இருந்தது. நோயாளியால் இயலாதபோது வேறொருவர் அவருக்குப் பதிலாக அதைச் செய்வதும் உண்டு. மகனுக்காகத் தாய் முட்டி போட்டு நடப்பதையும், கணவனுக்காக மனைவி முடி இறக்குவதையும் வேளாங்கண்ணியில் கண்டு வளர்ந்த எனக்கு அந்த வழக்கம் அந்நியமாகப் படவில்லை.

ஒன்பது நாள் முடிந்தும் குணமாகாதவர்கள் பலர் இருந்தார்கள். அறையில் இடமோ குறைவு. வீட்டார் சிலர் திரும்பி வரவே இல்லை. ஆலயத்துக் குருக்கள் அப்போது ஊராரை நோக்கி, உங்கள் வீடுகளில் இவர்களுக்கு இடம் கொடுங்கள் என்றார்கள். ஊரார் கொடுத்தார்கள். கேல் ஊரின் பெருமை முழுவதும் இங்கிருந்தே தொடங்குகிறது. புனிதையின் பேழையடியில் தவழ்ந்தவர்கள் அடுத்து ஒரு உழவரின் அடுக்களையில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். மாட்டுக்குத் தீவனம் போட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மன்றாட்டுக்குக் கிடைத்த பதில் ஒரு வீட்டின் திறந்த கதவாக வந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அவர்களை ஊரார் நோயாளி என்று அழைப்பதில்லை; வீட்டோடு தங்கி உண்பவர் என்று பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறார்கள். என்ன நோய் என்பதை வளர்ப்புக் குடும்பத்துக்குச் சொல்லாமல் விடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. நோயின் பெயர் தெரிந்துவிட்டால் அந்தப் பெயரையே பார்ப்பார்கள், மனிதரைப் பார்க்கமாட்டார்கள் என்பது அதற்குக் காரணம். ஒரே வீட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் இறந்தால் மகனோ மகளோ அவரைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்வதும் உண்டு. 1938-ஆம் ஆண்டில் இவ்வாறு தங்கியிருந்தவர்களின் எண்ணிக்கை 3,700-ஐத் தாண்டியிருந்தது.

பழைய மருத்துவமனையில் அமைந்திருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு முதிய பெண்மணியோடு பேச வாய்த்தது. அவருடைய சிறுவயதில் அவர்கள் வீட்டில் ஒருவர் தங்கியிருந்தாராம். ஒவ்வொரு மாலையும் அவர் வரவேற்பறையின் படச்சட்டங்களை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார்; ஒவ்வொரு காலையும் அந்தப் பெண்மணியின் தாய் அவற்றை நேராக்கி வைப்பார். ஏன் என்று தாய் ஒரு நாளும் கேட்டதில்லை, அதைப் பற்றி அண்டை வீட்டாரிடம் பேசியதும் இல்லை. அந்தத் தாய் இறந்தபோது, அடக்கத் திருப்பலியில் பிள்ளைகளோடு முதல் வரிசையில் அவரும் உட்கார்ந்திருந்தார். "அவர் வேறு எங்கே உட்கார்வார்?" என்று அந்தப் பெண்மணி என்னையே திருப்பிக் கேட்டார். எங்கள் உறவினர் ஒருவரின் திருமணத்துக்குத் தம்பியை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியது அப்போது எனக்கு நினைவுக்கு வந்து, வெகுநேரம் மனத்தை அறுத்தது.

கேல் ஊரை மாசற்ற சொர்க்கமாக வரைவது உண்மைக்கு அழகன்று. முற்காலத்தில் நோயாளர்களை வயல் வேலைக்கு ஆளாகவே கருதிய குடும்பங்கள் இருந்தன. 1821-இல் இங்கு வந்து பார்த்த பிரெஞ்சு மனநல மருத்துவர் எஸ்கிரோல், சிலருக்குக் கால்விலங்கு பூட்டப்பட்டிருந்ததையும் கண்டார். 1850-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பெல்ஜிய அரசு பொறுப்பேற்று, மருத்துவர்களின் மேற்பார்வையைக் கொண்டுவந்த பிறகே இக்கொடுமைகள் குறைந்தன. அன்பு மட்டும் போதாது, அதைக் கண்காணிக்க ஒரு சட்டமும் வேண்டும் என்பதை நாமும் பெருவிலை கொடுத்தே கற்றோம். 2001 ஆகஸ்டு 6 அன்று, தர்காவை நாடி மனநோயாளர்கள் அழைத்துவரப்படும் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் தீயில் மடிந்தார்கள். எந்த மதத்தாரின் திருத்தலமாயினும் அங்கே கொண்டுவந்து விடப்படுகிறவர்கள் நம் எல்லோருடைய பிள்ளைகள். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலுமாகத் தடைசெய்திருக்கிறது.

நோயாளர் அறையைப் பார்த்துவிட்டு ஆலயத்துக்குள் அமர்ந்து மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். கல்லறைகளில் வாழ்ந்தவன், சங்கிலிகளை உடைத்தெறிந்தவன், இரவும் பகலும் கூச்சலிட்டுத் தன்னைக் கற்களால் காயப்படுத்திக்கொண்டவன் தெளிவடைந்து ஆடை அணிந்து உட்கார்ந்திருக்கிறான். தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறு இயேசுவிடம் வேண்டுகிறான். இயேசு அதற்கு இசையாமல், உன் வீட்டுக்கு, உன் உறவினரிடம் போ என்று அனுப்புகிறார். இந்தப் பகுதியை விளக்கும் மறையுரைகளில் பேயைப் பற்றியும் பன்றிகளைப் பற்றியுமே நான் அதிகம் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குப் போ என்ற கட்டளை, வீட்டில் இருப்பவர்களுக்கும் இடப்பட்ட கட்டளை என்பதைக் கேல் ஊரில் உட்கார்ந்து வாசித்தபோதுதான் உணர்ந்தேன். எலியாவின் கதையும் உடன் நினைவுக்கு வந்தது. போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று செடியடியில் படுத்துவிட்ட அந்தப் பெரிய இறைவாக்கினரை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் எங்கே என்றும் கேட்கவில்லை. தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்து, தட்டி எழுப்பி உண்ணச் சொன்னார்; உண்டதும் மீண்டும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பி உணவு கொடுத்தார்.

நம் பங்குகளில் மனச்சோர்வோடு வருகிறவரிடம், செபம் குறைந்துவிட்டது, விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். காதில் குரல் கேட்கிறது என்றால் செய்வினை, பேய் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு ஆண்டவரை மட்டும் நம்பு என்று செபக்கூட்டங்களில் சொல்லப்பட்ட அறிவுரையால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்களை நான் அறிவேன். இது திருச்சபையின் போதனை அன்று. பேயோட்டும் சடங்குக்கு முன், தீயோனின் செயலா அல்லது நோயா என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்றும், நோய் மருத்துவ அறிவியலுக்கு உரியது என்றும் 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. தற்கொலை செய்துகொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், கடுமையான மனக்குழப்பம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் அதே நூல் கற்பிக்கிறது. இறந்த மகனுக்கு அடக்கச் சடங்கு கிடைக்குமா என்று அஞ்சி நின்ற தாய்மார்களின் காதில் இந்த வரிகள் இன்னும் போய்ச் சேரவில்லை.

கிறிஸ்தவர்களில் பலர் இதை வாழ்ந்தே காட்டியிருக்கிறார்கள். கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் உழைப்பால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் திறக்கப்பட்டபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது சிகிச்சையின் ஒரு பகுதியாக்கப்பட்டது. கேல் ஊர் வீட்டின் கதவைத் திறந்தது. வேலூர் மருத்துவமனையின் கதவைத் திறந்து வீட்டை உள்ளே அழைத்தது. நம் நாட்டில் பெரும்பாலான நோயாளருக்குக் குடும்பம் இன்னும் இருக்கிறது. அது தளர்ந்துபோகாமல் தாங்கிக்கொள்வதற்குப் பங்குச் சமூகம் முன்வர வேண்டும் என்பதே என் ஏக்கம். கவனிக்கிற தாய் ஒரு பிற்பகல் உறங்குவதற்காக அன்பியத்தை, அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுவைச் சேர்ந்த ஒருவர் வந்து நோயாளியோடு உட்கார்ந்திருப்பதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

இன்று கேல் ஊரில் வளர்ப்பு வீடுகளில் வாழ்வோரின் எண்ணிக்கை 1938-இல் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பண்ணைகள் குறைந்துவிட்டன, கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கிறார்கள். எஞ்சியிருப்போரை ஊரின் அரசு மனநல மருத்துவமனை கண்காணிக்கிறது. செவிலியர்கள் வீடு தேடி வருகிறார்கள், மருந்தும் தவறாமல் செல்கிறது. இந்த மரபைப் பேணிவரும் முறையை 2023-இல் யுனெஸ்கோ நற்பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. அம்மாவுக்காக மெழுகுதிரியை ஏற்றியபோது, தம்பிக்கு நோய் முற்றிலும் நீங்க வேண்டும் என்று மட்டும் மன்றாட என்னால் முடியவில்லை. அவனுக்கு எந்த விருந்திலும், எந்தத் திருப்பலியிலும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்றும் சேர்த்து மன்றாடினேன்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். புனிதையின் திருவிழா மரபுப்படி மே 15 அன்று கொண்டாடப்படுகிறது. ஆலயம் எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை என்பதால் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது நல்லது. அருங்காட்சியகத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம். நோயுற்றவரை உடன் அழைத்துச் செல்வோர் அவருடைய மாத்திரைகளையும் மருத்துவரின் சீட்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். உபவாசம், விழிப்பு செபம் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் அவர்மீது சுமத்தக் கூடாது, குறிப்பாக உறக்கம் கெடுவது இந்த நோய்களைக் கிளறிவிடும். தமிழ்நாட்டில் உடனடி உதவி தேவைப்படுவோர் டெலிமானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.