சாரல் நாளில் பற்றாத கிரில்

புளியரையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்கிற, மீன், கறி சுடுகிற கேஸ் கிரில் அடுப்பு, அண்ணன் சார்ஜாவை விட்டு ஊர் திரும்பியபோது கார்கோவில் போட்டு அனுப்பியது. நான்கு பர்னர். பித்தானை அழுத்தினால் நான்கிலும் டிக் டிக்கென்று பொறி பறக்கும். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன ஜூனில், குற்றாலத்தில் சீசன் தொடங்கி ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கிய வாரத்தில், பொறி வருவதும் நிற்பதுமாக ஆனது. வெயில் நாளில் பற்றும். சாரல் நாளில் பற்றாது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மதினி கேஸைத் திறந்துவிட்டுப் பித்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். பற்றவில்லை. மேல்மூடியைச் சாத்திவிட்டு, குமிழை மூடாமலே உள்ளே போய்த் தீப்பெட்டி எடுத்து வந்தார்கள். மூடியைத் திறந்து குச்சியை நீட்டியதும் பொப்பென்று தீ எழும்பிப் புருவமும் நெற்றி முடியும் பொசுங்கிவிட்டன. தோலில் காயமில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. திறந்தவெளியில் நிற்கிற கிரில் என்றாலும் பெட்டிக்குள் அது தேங்கும். மூடியைச் சாத்தினால் போக வழியே இல்லை. பற்றாவிட்டால் உடனே குமிழ்களையும் சிலிண்டரையும் மூடிவிட்டு, மேல்மூடியைத் திறந்துபோட்டு ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். வீட்டில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். இதைச் சரிசெய்யாமல் இனி யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னேன்.

மறுநாள் தென்காசியில் அடுப்பு ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். முதல் கேள்வியே, "பித்தானைத் திருகிக் கழட்டி உள்ள பேட்டரியப் பாத்தியளா தம்பி?" என்பதுதான். பித்தானுக்குள் பேட்டரி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். திறந்தால், ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று கசிந்து ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பேட்டரி போட்டேன். டிக் டிக் சத்தம் திரும்ப வந்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன். இரண்டு பர்னர் பற்றின, இரண்டு பற்றவில்லை.

இருட்டின பிறகு சிலிண்டரைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு, பின்பக்க விளக்கை அணைத்து, கம்பித் தட்டுகளை எடுத்துவிட்டு அழுத்திப் பார்த்தேன். கேஸ் இல்லாமல், இருட்டில் பார்ப்பது ரொம்ப முக்கியம். பொறி எங்கே போகிறது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். முதல் பர்னரிலும் நான்காவதிலும் கம்பி நுனியிலிருந்து நீலப் பொறி சரியாகக் குதித்தது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் பொறி இருந்தது, ஆனால் நுனியில் இல்லை. கம்பியைச் சுற்றியிருக்கிற வெள்ளைப் பீங்கானின் நடுவிலிருந்து, அதைப் பிடித்திருக்கிற தகட்டுக்கே தாவிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல்.

வெயில் நாள், சாரல் நாள் கணக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். விரிசலில் ஈரம் இறங்கிவிட்டால் மின்சாரத்துக்கு அது சுலபமான குறுக்குவழி. பர்னர்வரை அது ஏன் வரப்போகிறது? மூன்றாவதன் ஒயரை முதலாவதன் முனையில் மாற்றிச் செருகிப் பார்த்தேன், பொறி வந்தது. ஆக, பித்தானுக்குப் பின்னால் நான்கு ஒயருக்கும் பொறி அனுப்புகிற சின்னப் பெட்டியிலேயே ஒரு முனை செத்திருந்தது.

தென்காசி அண்ணாச்சி கடையில் அந்தப் பொறிப் பெட்டியில் டக்கென்று ஒரே அடி அடிக்கிற வகைதான் இருந்தது. அதற்குப் பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு சின்னச் சுத்தி படிகத்தைத் தட்டும், அழுத்தம் பட்டதும் படிகமே மின்சாரம் கொடுக்கும். 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்ட விஷயம் இன்றைக்கும் நம் அடுப்பு லைட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால் எனக்கு வேண்டியது பேட்டரி வகை, நான்கு முனை உள்ளது. "புனலூர்ல பாருங்க, வளைகுடா சாமானுக்கு அங்க கெடைக்கும்" என்றார் அண்ணாச்சி. பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை கேரள பஸ் பிடித்து, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போனேன். பழைய பெட்டி, விரிசல் விட்ட பீங்கான், ஒயர் எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போனது நல்லதாயிற்று. கடைச் சேட்டன் பீங்கானின் நீளம், தகட்டு ஓட்டையின் தூரம், ஒயர் முனையின் அகலம் மூன்றையும் வைத்துப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தார். போட்டோவை மட்டும் காட்டியிருந்தால் இரண்டாவது தடவை போக வேண்டி வந்திருக்கும்.

மாட்டுவதில் கஷ்டம் ஒரே இடத்தில்தான். பீங்கானைப் பிடிக்கிற ஸ்க்ரூ துருப்பிடித்து அசையவில்லை. பலம் போட்டால் தலை மழுங்கிவிடும். துரு இளக்குகிற ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விட்ட பிறகு வந்தது. அந்த எண்ணெயை நன்றாகத் துடைத்தேன். புதியதைப் பூட்டும்போது இறுக்கிவிடக் கூடாது, பீங்கான் அதிலேயே விரிசல் விடும். பழையது அப்படித்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம். கம்பி நுனிக்கும் பர்னருக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர்போல இடைவெளி வேண்டும். இரண்டு தீக்குச்சியைச் சேர்த்துவைத்து அளந்துகொண்டேன். நுனி, கேஸ் வருகிற துளையைப் பார்த்து நிற்க வேண்டும். ஒயர் சூட்டுத் தகட்டில் உரசாமல் ஓரமாக இழுத்துக் கட்டினேன்.

இருட்டில் மறுபடி பார்த்தேன். நான்கு பொறியும் நுனியில். அதன்பிறகுதான் சிலிண்டரை மாட்டி, டியூப் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

ஆனால் வெயிலில் பற்றுவது ஒரு சோதனையே இல்லை. சாரலுக்காக மூன்று நாள் காத்திருந்தேன். வியாழன் மதியம் மலை மறைந்து தூவத் தொடங்கியதும் மதினியைக் கூப்பிட்டேன். தயங்கித்தான் வந்தார்கள். முதலில் மேல்மூடியைத் திறந்தார்கள். ஒரு குமிழைத் திருகிவிட்டுப் பித்தானை அழுத்தினார்கள். மூன்றாவது டிக்கில் பற்றியது. ஒவ்வொன்றாக நான்கும் பற்றின.

"சீசன் முடிஞ்சு மூடி வைக்கும்போது பேட்டரியக் கழட்டிரணும், மறந்துராத" என்று சொல்லிவிட்டு, மசால் தடவிய மீனை எடுக்க உள்ளே போனார்கள்.