முதியோர் வார்டு: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, செவ்வாய்

ஷிப்ட் மாறும் காலை ஹேண்டோவரில் இரவு நர்ஸ் சொன்னது: "ஜன்னல் பக்கத்து அம்மா ராத்திரி பூரா தூங்கினாங்க, ஒரு தொந்தரவும் இல்லை."

84 வயது, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். முந்தாநாள் வரை வார்டையே அதட்டிக்கொண்டிருந்தார். அதட்டுகிறவர் திடீரென்று சமர்த்தாகிவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். போய்க் கூப்பிட்டேன். கண் திறந்தார், ஏதோ முனகினார், மறுபடி மூடிக்கொண்டார். வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். ஞாயிறு, சனி... அதற்குமேல் போகவில்லை.

இது தூக்கம் இல்லை, டெலிரியம்: உடல் நலிந்திருக்கும்போது திடீரென்று வரும் மனக்குழப்பம். அதிலும் அமைதியான வகை. கத்திக் கலாட்டா செய்தால் எல்லோரும் ஓடி வருவார்கள்; இப்படிச் சுருண்டு படுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டெலிரியத்தைக் கண்டுபிடிக்க, அமெரிக்க டாக்டர் ஷாரன் இனூயேயின் குழு 1990-இல் தந்த சிஏஎம் முறையில் பார்க்க வேண்டியவை நான்கு. குழப்பம் திடீரென வந்து ஏறி இறங்குகிறதா, கவனம் நிற்கவில்லையா என்ற முதல் இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வர வேண்டும். அதோடு பேச்சு கோர்வையில்லாமல் இருக்க வேண்டும், அல்லது விழிப்பு நிலை மாறியிருக்க வேண்டும். இவருக்கு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

"ஆனா காய்ச்சல் இல்லையே அக்கா, 99.2 தானே?" என்றாள் பயிற்சி மாணவி. சார்ட்டைப் புரட்டச் சொன்னேன். இந்த அம்மாவின் வழக்கமான வெப்பநிலை 96.8. வயதானவர்களுக்கு வழக்கத்தைவிட 2 டிகிரி பாரன்ஹீட் ஏறினாலே தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். அப்புறம் மூச்சை எண்ணினோம், முழு ஒரு நிமிடம். 28. சார்ட்டில் இரவு முழுக்க அழகாக 18, 18, 18. (எந்த வார்டிலும் எல்லோரும் ஒரே மாதிரி 18 தடவை மூச்சுவிடுவது எப்படி என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.) டாக்டரை உடனே கூப்பிட்டாயிற்று.

மார்ச் 4, புதன்

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. இருமல் இல்லை, சளி இல்லை. ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டது. தூக்கத்துக்கென்று எழுதியிருந்த டைபென்ஹைட்ரமைனையும் டாக்டர் நிறுத்தினார். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பியர்ஸ் பட்டியலில் அது இருக்கிறது. தூக்கத்தைவிடக் குழப்பத்தைத்தான் அதிகம் கொடுக்கும்.

மகள் அழுதுகொண்டே கேட்டார்: "அம்மாவுக்கு மறதி நோய் வந்துடுச்சா சிஸ்டர்?" மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வருவது, இது சில மணி நேரத்தில் வந்தது, காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் இறங்கும் என்றேன். சிலருக்கு முழுதாகத் தெளிய வாரங்கள் ஆகும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பொய்யான ஆறுதல் பிறகு நம் தலையில்தான் விடியும்.

காது கேட்கும் கருவி டிராயரில் கிடந்தது, பேட்டரி தீர்ந்து. கண்ணாடி பைக்குள். காதும் கண்ணும் இல்லாமல் புது இடத்தில் படுத்திருந்தால் யாருக்குத்தான் குழம்பாது? இனூயே 1999-இல் வெளியிட்ட ஆய்வில் செய்ததும் பெரிய வித்தை இல்லை. கண்ணாடி, காதுக் கருவி, தண்ணீர், நடை, தூக்கம், நாளும் இடமும் நினைவூட்டுவது. டெலிரியம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தார்கள். வந்தபிறகு அதன் கடுமையை அந்த முயற்சியால் குறைக்க முடியவில்லை. அதனால்தான் டிராயரைப் பார்த்ததும் கோபம் வந்தது.

மார்ச் 6, வெள்ளி

அந்த அம்மா இரவில் எழுந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடுங்கப் பார்த்திருக்கிறார். கையைக் கட்டலாமா என்று பேச்சு வந்தது. கட்டினால் விழுவது குறையும் என்பது நம்பிக்கை மட்டுமே. கட்டியவர் இன்னும் முரண்டுவார், தோல் உரியும், அசையாமல் கிடந்து தசையும் போகும்.

எதைப் பிடுங்குகிறார் என்று பார்த்தோம். சிறுநீர்க் குழாயைத்தான். அது இன்னும் ஏன் இருக்கிறது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. எடுத்துவிட்டோம். ஐவி ஊசி இருந்த கையில் நீளச் சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்தோம். மதியத்துக்குள் பாதி சண்டை ஓய்ந்தது.

மார்ச் 7, சனி

இரண்டு பேர் லீவு. எழுத நேரமில்லை. அந்த அம்மா என்னை அதட்டினார். நல்ல செய்தி.

மார்ச் 9, திங்கள்

இடது குதிகாலில் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. அழுத்தப்புண்ணின், அதாவது படுக்கைப்புண்ணின், முதல் நிலை. கருத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அங்கே தொட்டுத்தான் பார்க்க வேண்டும், சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

மாணவி எண்ணெய் தேய்க்கக் கிளம்பினாள். நிறுத்தினேன். நசுங்கிய இடத்தைத் தேய்த்தால் உள்ளே இன்னும் சிதையும். வளைய வடிவக் குஷனும் வேண்டாம், அது சுற்றி அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்து, குதிகால் படுக்கையைத் தொடாமல் தூக்கி வைத்தோம். ஒருக்களிக்கும்போது 30 டிகிரி சாய்வு போதும். முழுதாகத் திருப்பினால் பாரம் மொத்தமும் இடுப்பெலும்பின் மேல்.

டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் நர்ஸைப் பற்றிச் சொன்னேன். எதையாவது பூசியே புண்ணைத் தடுக்கப் பார்த்த காலத்தில், ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கு முக்கியத்துவம் வாங்கித் தந்தவர். யாருக்குப் புண் வரும் அபாயம் என்று கணிக்க 1962-இல் அவரும் சக ஆய்வாளர்களும் தந்த அளவுகோலில் உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, கழிவு அடக்கம் என்று ஐந்து அம்சங்கள். மொத்தம் 20, 14-க்கோ அதற்குக் கீழேயோ போனால் உஷார். இப்போது பல இடங்களில் அதே வேலைக்குப் பிரேடன் அளவுகோல் வந்துவிட்டது. எதைப் போட்டாலும் சரி, எண்ணை எழுதிவிட்டு ஆளைத் திருப்பாமல் போனால் என்ன பயன்?

மார்ச் 11, புதன்

நடக்க வைக்கும் முன் ரத்த அழுத்தம்: படுத்திருக்கையில் 138/76, நின்று ஒரு நிமிடத்தில் 112/70. மேல் அளவு 20 இறங்கினாலே எச்சரிக்கை, இங்கே 26. தலை சுற்றுகிறதா என்றால், இல்லை என்கிறார். அதை நம்பி நடக்க வைக்க முடியாது. கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி, பிரஷர் மாத்திரையின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேசினேன்.

மாணவி அன்பாகத்தான், "பாட்டிக் குட்டி, காலை ஆட்டுங்க பார்ப்போம்" என்று கீச்சுக் குரலில் கொஞ்சினாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, எனக்கு என்ன ரெண்டு வயசா?" வயதானால் முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள்தான், கீச்சுக் குரலும் கத்தலும் அவர்களுக்கு உதவாது. முகம் பார்த்து, தாழ்ந்த குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். பெயர் சொல்லி "அம்மா" என்று சேர்த்தால் மரியாதையும் ஆயிற்று.

மார்ச் 14, சனி

நாளை வீட்டுக்குப் போகிறார். வாக்கரோடு கழிவறை வரை நடக்கிறார், யாராவது கூட இருக்க வேண்டும். குதிகால் தேறிவிட்டது.

மகளோடு உட்கார்ந்து மாத்திரைகளைப் பார்த்தேன். விழுங்கச் சிரமமானால் பொடித்துக் கொடுக்கலாமா என்றார். மெதுவாகக் கரையும் வகை ஒன்று அதில் இருந்தது. அதைப் பொடித்தால் நாள் முழுக்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். மருந்தாளுநரிடம் சொல்லி அதற்குப் பதில் திரவ மருந்துக்கு வழி கேட்டிருக்கிறேன், பதில் காலையில் வரும். பழைய டைபென்ஹைட்ரமைன் வீட்டில் மிச்சம் இருக்கிறதாம். எடுத்துப் போடச் சொல்லிவிட்டேன்.