எங்கள் மார்க்கெட்டிங் மெயில் ஸ்பேமிலிருந்து மீண்ட விதம்

மார்க்கெட்டிங் மெயில் அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஜிமெயில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அது நேராக ஸ்பேமில்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. தீர்வு தேடினால் முதலில் கிடைப்பது "தலைப்பில் இலவசம் என்று எழுதாதீர்கள், ஆச்சரியக்குறி போடாதீர்கள்" ரக அறிவுரைகள். அதெல்லாம் ஓரளவுக்குத்தான். அனுப்புவது நிஜமாகவே நீங்கள்தானா, வாங்குகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள், இந்த இரண்டும்தான் பெரிய விஷயம்.

முதல் வேலையாக என் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்றை அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து பார்த்தேன். எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் ஃபெயில். எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைன் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) சார்பில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல், டிகிம் மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து, டிமார்க் இவை ஃப்ரம் முகவரியோடு பொருந்துகின்றனவா, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் விதி. முதல் இரண்டும் பாஸ் என்றால் மூன்றாவது எப்படி ஃபெயிலாகும் என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். பக்கத்திலேயே எழுதியிருந்த டொமைனைப் பார்த்ததும் புரிந்தது: பாஸ் ஆனது எங்கள் டொமைன் இல்லை, நாங்கள் அனுப்பப் பயன்படுத்தும் சேவையின் டொமைன். டிகிம் கையெழுத்தும் அவர்களுடையது, எஸ்பிஎஃப் பார்க்கும் திரும்பும் முகவரியும் (போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரி) அவர்களுடையது. 'ஃப்ரம்' வரியில் மட்டும் எங்கள் பெயர். இரண்டில் ஒன்றாவது ஃப்ரம் முகவரியின் டொமைனோடு பொருந்தி வந்தால்தான் டிமார்க் ஒத்துக்கொள்ளும். அந்தச் சேவையின் செட்டிங்ஸில் 'டொமைன் ஆதென்டிகேஷன்' என்ற பகுதி இருக்கிறது, அது தரும் சிநேம் ரெக்கார்டுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவுகள்) எங்கள் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பதிவுகள் இருக்கும் இடம்) சேர்த்ததும் டிகிம் கையெழுத்து எங்கள் டொமைன் பெயரிலேயே வந்தது, டிமார்க்கும் பாஸ்.

டிஎன்எஸ்ஸுக்குள் போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எஸ்பிஎஃப் ரெக்கார்டு இரண்டு இருந்தன, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் போட்டவை. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும். மார்க்கெட்டிங் மெயிலுக்கு இதனால் நேரடிப் பாதிப்பு இல்லை, ஆனால் ஆபீஸிலிருந்து போகும் சாதாரண மெயில் அடிவாங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, இப்போது யாரும் பயன்படுத்தாத சேவைகளுக்கு அனுமதி தரும் 'இன்க்ளூட்' வரிகள் எல்லாவற்றையும் தூக்கினேன். எஸ்பிஎஃப்புக்கு 10 டிஎன்எஸ் தேடல்தான் வரம்பு, ஒவ்வொரு 'இன்க்ளூட்'டும் அதில் கணக்காகும், பழையவற்றைச் சுமந்துகொண்டிருந்தால் அது சீக்கிரம் தாண்டிவிடும்.

டிமார்க்கை எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' (பொருந்தாத மெயிலை ஏற்காதே) என்று வைக்கவில்லை. 'நன்' (எதுவும் செய்யாதே) என்று வைத்து, ரிப்போர்ட் வர ஒரு முகவரி கொடுத்தேன். ரிப்போர்ட் ஜிப் கோப்பாக வரும், உள்ளே எக்ஸ்எம்எல், வெறும் கண்ணால் படிக்கச் சகிக்காது, அதைப் பிரித்துக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. அதில்தான் எங்கள் பெயரில் இன்னொரு சர்வரும் மெயில் அனுப்புவது தெரிந்தது. திருடன் யாருமில்லை, கணக்குப் பிரிவு வைத்திருக்கும் பில்லிங் மென்பொருள்! அவசரப்பட்டு 'ரிஜெக்ட்' வைத்திருந்தால் எங்கள் பில்கள் யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. அதற்கும் டிகிம் போட்டபிறகுதான் 'குவாரன்டைன்' (பொருந்தாததை ஸ்பேமில் போடு) என்று மாற்றினேன்.

இதையெல்லாம் முடித்தும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மெயில் அனுப்புகிறவர்களுக்காகக் கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் ஸ்பேம் புகார் விகிதம் மிகக் குறைவாகக் காட்டியது, மேனேஜருக்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம். ஆனால் அந்தக் கணக்கு இன்பாக்ஸுக்குப் போன மெயில்களை வைத்துத்தான் போடப்படுகிறது. நேராக ஸ்பேமுக்குப் போனதைத் திறந்து பார்த்து யார் புகார் செய்யப் போகிறார்கள்? விகிதம் குறைவாகத்தானே இருக்கும்.

அப்புறம் பட்டியலைக் கையில் எடுத்தேன். கண்காட்சிகளில் வாங்கிய முகவரிகள், யாரோ எக்ஸெல்லில் கொடுத்தவை, இல்லாத முகவரி என்று ஏற்கெனவே திரும்பி வந்தவை, எல்லாம் கலந்து கிடந்தன. திரும்பி வந்தவற்றை உடனே நீக்கினேன். மெயிலைத் திறந்தார்களா என்பதை நான் நம்பவில்லை, ஏனென்றால் அது மெயிலிலுள்ள படம் இறங்குவதை வைத்துப் போடும் கணக்கு, ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த மெயில் பாதுகாப்பு வசதி படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுவதால், திறக்காததும் திறந்ததாகவே பதிவாகும். அதனால் லிங்கை அழுத்தியவர்கள், ஏதாவது வாங்கியவர்கள், கேள்வி கேட்டவர்கள் என்று பிரித்தேன். மற்றவர்களுக்கு "தொடர்ந்து அனுப்பலாமா?" என்று ஒரே ஒரு மெயில், பதில் இல்லையென்றால் நீக்கம். பட்டியல் பாதிக்கும் கீழே போனதும் மேனேஜர் முகம் சுருங்கியது, அதை விளக்கத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

அன்சப்ஸ்கிரைப் பொத்தானும் சண்டையாகத்தான் முடிந்தது. "நாமே ஏன் வெளியே போக வழி காட்ட வேண்டும்?" என்றார். வழி தெரியாதவர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார் என்றேன். ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே 0.3%, கூகுள் எட்டவே கூடாது என்று சொல்லும் அளவு அதுதான், 0.1%-க்குக் கீழே இருப்பதுதான் நல்லது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024-இலிருந்து டிமார்க்கும் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் கட்டாயம், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்கியாக வேண்டும். நாங்கள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை, இருந்தாலும் ஹெடரிலேயே (மெயிலோடு மறைவாகப் போகும் தகவல் பகுதி) அந்த வசதியை வைத்துவிட்டேன்.

புதிய பட்டியலிலும் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பவில்லை. அடிக்கடி லிங்க் அழுத்துகிறவர்களுக்கு முதலில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன். சில வாரங்களில் சோதனை முகவரிகளில் இன்பாக்ஸுக்கு வர ஆரம்பித்தது.

இப்போது மேனேஜரின் புதுக் கவலை, மெயில் ஏன் 'ப்ரமோஷன்ஸ்' டேபில் விழுகிறது என்பது. அதுவும் இன்பாக்ஸ்தான் சார், நாம் அனுப்புவதும் விளம்பரம்தானே என்று சொல்லி அதை அப்படியே விட்டுவிட்டேன்.