கலங்கல் தண்ணீரில் 60 மில்லிமீற்றர்

கலியாண வீடுகளில் படமெடுத்துச் சேர்த்த காசில்தான் என் முதல் மேக்ரோ லென்ஸை, சின்னப் பொருட்களைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கிற லென்ஸை, வாங்கினேன். கெனன் 100 மில்லிமீற்றர். தாலிக்கொடியின் முறுக்கு, ஐயரின் விரலில் தர்ப்பை, பொம்பிளையின் கையில் மருதாணி என்று எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுத்தது. பிறகு, கடற்புல் பற்றி ஆய்வு செய்கிற குழுவொன்று யாழ்ப்பாணத்துக் காரைநகர்ப் பக்கம், சாதாழை என்று நாங்கள் சொல்லும் அந்தப் புல்லுக்குள் வாழும் சிறு உயிர்களைப் படமெடுத்துத் தர முடியுமா என்று கேட்டது. லென்ஸ்தான் கையில் இருக்கிறதே என்ற துணிவில் சரி என்றேன். கமராவுக்குத் தண்ணீர் புகாத உறையான ஹவுசிங்கும், அதன் முன்னால் பூட்டுகிற தட்டைக் கண்ணாடி போர்ட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

முதல் நாளே வள்ளக்கார அண்ணை கேட்டார்: "தம்பி, இந்தக் கலங்கலுக்க என்னத்தைப் படமெடுக்கப் போறியள்?"

"கிட்டப் போய் எடுத்தால் சரிவரும் அண்ணை."

அன்று எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. இறாலும் உளுவை மீனும் பால் ஊற்றிய தண்ணீருக்குள் கிடப்பது போல வெளிறிப்போயிருந்தன. படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பினால் அடிச்சேறும் மணலும் மேலே வந்துவிடும். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்திருக்கும் சில கிழமைகள்தான் எங்களுக்குத் தெளிந்த தண்ணீர். உருவத்தை அதன் சொந்த அளவிலேயே, கமராவுக்குள் படம் பதியும் சென்சரில் விழுத்த, 100 மில்லிமீற்றர் லென்ஸுக்குச் சென்சரிலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரம் வேண்டும். கலியாண வீட்டில் அது பெரிய வசதி. மாப்பிள்ளையின் முகத்துக்குள் கமராவை நீட்ட வேண்டியதில்லை. கடலுக்குள்ளோ, லென்ஸுக்கும் இறாலுக்கும் இடையில் கிடக்கும் தண்ணீர் முழுவதும் தூசி. ஃபிளாஷ் வெளிச்சம் இறாலில் படுவதற்கு முன் அந்தத் தூசியில் பட்டுத் திரும்பி வந்துவிடுகிறது.

நான் படித்த பரிந்துரைகளெல்லாம் தெளிந்த வெப்பக் கடல்களில் முக்குளிக்கிறவர்கள் எழுதியவை. நீண்ட லென்ஸ் வாங்கு, உயிரினம் மிரளாது என்பார்கள். அவர்களின் கடலுக்கு அது சரி. எங்கள் கடலில் இடையிலுள்ள தண்ணீரைக் குறைப்பதுதான் முதல் வேலை. அதனால் 60 மில்லிமீற்றருக்கு மாறினேன். சென்சரிலிருந்து 20 சென்ரிமீற்றரில் அதே அளவு கிடைக்கிறது. போர்ட்டுக்கும் உயிருக்கும் நடுவே நாலு விரலளவு தண்ணீர்கூட இராது. உளுவை சில வேளை பாய்ந்து ஓடும். அசையாமல் கிடந்து காத்திருந்தால் திரும்பி வந்துவிடும். இதற்குப் பொறுமை போதும். தூசிக்குப் பொறுமை உதவாது.

ஃபிளாஷ் இரண்டையும் போர்ட்டை ஒட்டி, சற்றுப் பின்னுக்கு இழுத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறேன். ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் இறாலில் பட்டால் போதும். லென்ஸின் துளை எஃப் 16, ஷட்டர் வேகம் 1/200 செக்கன். அப்படி வைத்தும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். ஓட்டோ ஃபோகஸை நம்பினால் அது மிதக்கும் தூசியைப் பிடித்துக்கொண்டு அலையும். ஃபோகஸைக் கிட்டிய தூரத்தில் பூட்டிவிட்டு, மூச்சோடு உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துவேன்.

ஹவுசிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை கரையில் அவசரமாக மூடியபோது, தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரேயொரு மணற்பருக்கை ஒட்டியிருந்தது. இரண்டு மீற்றர் ஆழத்திலேயே போர்ட்டுக்குள் நீர்முத்துகள். போர்ட்டைக் கீழே பார்க்கத் திருப்பிக்கொண்டு மேலே வந்ததால் கமரா தப்பியது. அன்று தொடக்கம் வீட்டு மேசையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் மூடுகிறேன். ஓ-ரிங்கை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவுவேன். மயிர் ஒன்று கிடந்தாலும் விரலுக்குத் தெரியும். கழுவும் தண்ணீரும் முக்கியம். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மண். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவிட்ட ஹவுசிங்கின் பொத்தான்களிலும் அதே வெள்ளை படிந்து இறுகத் தொடங்கியது. இப்போது உப்புக் கரையக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, கடைசியாக மழைத் தண்ணீரில் அலசுகிறேன். மாரியில் இரண்டு பெரிய கான்களில் பிடித்து வைத்துக்கொள்வேன்.

போன சித்திரையில் சாதாழை இலைகளுக்கிடையில் நகத்தளவுக் கணவாய்க் குஞ்சு ஒன்றைக் கண்டேன். மண்ணிறத்திலிருந்து வெள்ளைக்கும் திரும்ப மண்ணிறத்துக்கும் மாறிக்கொண்டே போர்ட்டைப் பார்த்தபடி நின்றது. வெளிச்சத்தில் சுருங்கிய அதன் கண்மணி, டபிள்யூ எழுத்தைப் போல வளைந்து, விளிம்பில் பொன்துகள் மின்னியது. நாற்பது படங்களில் மூன்றில் அந்தக் கண் விழுந்திருந்தது.

வள்ளக்கார அண்ணையின் வீட்டில் அக்கா சட்டியில் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தா. கையைத் துடைத்துவிட்டு வந்து கமராத் திரையைப் பார்த்தா. "இந்தக் கண்ணையோ தம்பி நான் ஒவ்வொரு நாளும் முதல்ல பிடுங்கி எறியிறனான்? எவ்வளவு வடிவு" என்று சொல்லி, இன்னும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னா.