பேட்டரியைக் குடித்தது ரெக்டிஃபையர்

என் பைக்கின் பேட்டரியை வற்றவைத்த ஆளை ஒருவழியாகப் பிடித்துவிட்டேன்: ரெக்டிஃபையர், அதாவது எஞ்சின் காயில் தரும் ஏசி கரண்டை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் பெட்டி. அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது, ஒரு நல்ல பேட்டரியைப் பறிகொடுத்தேன், மல்டிமீட்டருக்குள் இருந்த ஃபியூஸும் போனது. தினமும் ஓட்டினால் வண்டியில் ஒரு குறையும் தெரியாது. ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு செல்ஃபை அழுத்தினால் ரிலே மட்டும் 'டிக் டிக்' என்று அடிக்கும், மோட்டார் அசையாது.

முதலில் எல்லோரையும் போல நானும் பேட்டரியின் மேல் பழியைப் போட்டேன். மூன்று வயதுதான் ஆகியிருந்தது, இருந்தாலும் மாற்றினேன். புதுசும் எட்டாம் நாள் படுத்துவிட்டது. அப்போதுதான் மீட்டரை எடுத்தேன். முழுதாக சார்ஜ் ஏற்றி, இரவு முழுக்கத் தனியாக வைத்துவிட்டு அளந்தால் 12.8 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது 10.6-க்குக் கீழே போகவில்லை. எஞ்சின் 5,000 ஆர்பிஎம்மில் 14.2. ஆக பேட்டரியும் நல்லது, சார்ஜிங்கும் நல்லது. அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று உறிஞ்சுகிறது.

இங்கேதான் ஏமாந்தேன். மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை மில்லி ஆம்பியரில் போட்டேன். 0.00. கடிகாரம் ஓடும் வண்டியில் சுத்தமாகப் பூஜ்யம் எப்படி வரும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கசிவே இல்லை என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் டெர்மினலைச் சுரண்டுவதிலும் கப்ளர்களை (வயர்களை இணைக்கும் பிளக்குகளை) துடைப்பதிலும் போக்கினேன். உண்மையில் எப்போதோ மீட்டர் நடுவில் இருக்கும்போதே சாவியைத் திருப்பியிருக்கிறேன். ஹெட்லைட் ஒன்றே நாலு ஆம்பியருக்கு மேல் கேட்கும். உள்ளே இருப்பதோ 200 மில்லி ஆம்பியர் ஃபியூஸ். அது சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போதெல்லாம் அளக்கும் முன் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மீட்டரோடு தொடராக வைத்து பேட்டரியின் இரு முனையிலும் தொடுகிறேன். பன்னிரண்டு சொச்சம் மில்லி ஆம்பியர் காட்டினால் மீட்டர் உயிரோடு இருக்கிறது. காட்டாவிட்டால் முதலில் மீட்டரைத் திறக்க வேண்டும். இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. மைனஸ் வயரையும் டெர்மினலையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்துக்கொண்டு, மீட்டரை 10 ஆம்பியரில் பக்கவாட்டில் மாட்டிவிட்டு, அப்புறம்தான் அந்தத் துண்டை எடுப்பேன். கனெக்‌ஷன் கொடுத்த நொடியில் கெப்பாசிட்டர்கள் இழுக்கும் இழுப்பு மீட்டர் வழியாகப் போகாது. அளவு சின்னதுதான் என்று உறுதியான பிறகு, துண்டை மறுபடி போட்டுக்கொண்டு மில்லி ஆம்பியருக்கு இறங்கலாம்.

சரி, புது ஃபியூஸ் போட்டு அளந்தேன். ஓட்டிவிட்டு வந்த கையோடு 71 மில்லி ஆம்பியர்! உடனே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தேன். முதல் ஃபியூஸுக்கு 68 ஆனது. இரண்டாவதற்கு 64. மூன்றாவதற்கு 59. எல்லா சர்க்யூட்டும் கொஞ்சம் கொஞ்சம் கசிகிறதா என்ன? தலை சுற்றிவிட்டது. எல்லா ஃபியூஸையும் திருப்பிப் போட்டேன். எண் ஏறவே இல்லை, இன்னும் இறங்கி 55-இல் வந்து நின்றது. மறுநாள் காலை, ஒன்றையும் தொடாமல், 37. மெயின் ஃபியூஸை எடுத்தால் மட்டும் பூஜ்யம். ஆக கசிவு மெயினுக்கும் சின்ன ஃபியூஸ்களுக்கும் நடுவில் எங்கோ.

இதில் 7 மில்லி ஆம்பியர் என் கைவேலை. நானே அந்த லைனில் நேரடியாக மாட்டிய யூஎஸ்பி சார்ஜர், அழகுக்கு ஒரு நீல விளக்கு வேறு. கழற்றிக் கடாசினேன். மீதி 30.

வண்டி ஆற ஆற எண் இறங்குகிறது என்பது அதற்கு அடுத்த நாள்தான் உறைத்தது. சூட்டோடு சேர்ந்து கசிவு கூடுகிறது என்றால் அது டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த சாமானாகத்தான் இருக்கும். சீட்டுக்கு அடியில் ரெக்டிஃபையரைத் தொட்டேன், சுட்டது. மீட்டரைப் பார்த்தபடியே ஒரு ஈரத்துணியைப் பிழிந்து அதன் துடுப்புகள் மேல் போட்டேன். 52... 49... 45. இரண்டு நிமிடத்தில் 41. துணியை எடுத்ததும் கொஞ்சம் ஏறியது. ஏதோ காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போட்ட மாதிரி இதையே மூன்று தடவை செய்து பார்த்தேன். தேவையே இல்லை, ஆனால் ஒரு மாதக் கடுப்பு தீர வேண்டாமா?

அப்புறம் முறைப்படி: ஸ்டேட்டர், அதாவது எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலின் கப்ளரைப் பிடுங்கினேன், மாற்றமில்லை. ஆக காயில் நிரபராதி. ரெக்டிஃபையரிலிருந்து பேட்டரிக்குப் போகும் டிசி கப்ளரைப் பிடுங்கியதும் 0.9. அது கடிகாரத்துக்கு.

மீட்டரின் டயோடு சோதனையில் இதே ரெக்டிஃபையர் தேறிவிட்டது என்பதுதான் வேடிக்கை. ஆறு டயோடும் ஒரு பக்கம் 0.5 வோல்ட் சொச்சம், மறுபக்கம் ஓஎல், அதாவது கரண்ட் போகவில்லை. மீட்டர் அதற்குக் கொடுப்பது இரண்டு மூன்று வோல்ட், பேட்டரி கொடுப்பது 12. ஆறிப்போய் மேசையில் கிடக்கும்போது சமர்த்து, வண்டியில் சூடாக உட்கார்ந்தால் திருடன். டயோடு சோதனையை மட்டும் நம்பி 'நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒருமுறை அப்படித்தான் மாட்டினேன்.

கணக்கு போட்டால் எல்லாம் பொருந்துகிறது. 37 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 0.9 ஆம்பியர் மணி. என்னுடையது 9 ஆம்பியர் மணி பேட்டரி. ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் காலி, இரண்டு மூன்று நாள் கூட நின்றால் கேட்கவே வேண்டாம். பழைய பேட்டரியும் இப்படியே பலமுறை வற்றி வற்றி, தகடுகளில் சல்பேட் படிந்துதான் பலவீனமாகியிருக்கும். அதைத் திட்டியதெல்லாம் பாவம்.

அடுத்து என்ன போடுவது என்பதில்தான் இப்போது மனம் அலைகிறது. இப்போதிருப்பது ஷண்ட் வகை, மிஞ்சிய கரண்டைக் காயில் பக்கமே ஷார்ட் செய்து வீணாக்குவது, அதனால் சூடு. மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர் சுவிட்ச்) வகைக்கு மாறினால் ரெக்டிஃபையராவது குளிர்ச்சியாக இருக்கும். ஷிண்டென்ஜென் கம்பெனியின் எஃப்எச்020 மாடல் மேல் ஒரு கண். ஆனால் அதே பெயர் அச்சடித்த போலிகள் ஏராளம். ஒரு விற்பனையாளர் அனுப்பிய படத்தில் எழுத்து பொறித்தே இல்லை, வெறும் ஸ்டிக்கர். கப்ளரும் வேறு என்பதால் வயர் முனைகளில் டெர்மினலை நசுக்கி இறுக்க, அதாவது கிரிம்ப் செய்ய வேண்டும். நல்ல கிரிம்பிங் பிளையர் என்னிடம் இல்லை, கட்டிங் பிளையரால் நசுக்கும் வேலையை இந்தத் தடவை செய்வதாக இல்லை. பிளையர் வாங்கினால் ஹார்ன் ரிலே வேலையையும் சேர்த்து முடித்துவிடலாம், அது ஒரு வருடமாகப் பாதியில் கிடக்கிறது.

அதுவரை இரவில் மைனஸைக் கழற்றி வைக்கிறேன். சீட்டுக்கு அடியிலேயே ஒரு 10 எம்எம் ஸ்பேனர். காலையில் கடிகாரம் 12:00 என்று மின்னும், நேரத்தைத் திருத்திவிட்டுக் கிளம்புகிறேன்.