முடிவு சொல்லாத ஆனி மாதம்

2024 ஜூன் 17, குலசேகரம்

குவைத் வேலைக்குச் சம்மதமா இல்லையா என்று முகவருக்குச் சொல்ல வேண்டிய கெடு இம்மாதக் கடைசியில் முடிகிறது. வீட்டிலிருந்தபடியே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் தேர்வுக்குப் படிப்பது என் முன்னுள்ள மற்றொரு வழி. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் கல்விக்கடனின் தவணை காத்திருக்காது. மழையால் ரப்பர் பால்வெட்டு இல்லாமல் வீட்டிலிருந்த அப்பா, "ஒரு முடிவு சொல்லு மக்களே" என்று இன்றும் கேட்டார். பெரிய முடிவு மட்டுமல்ல, மரச்சீனி அவிக்கவா சோறு வைக்கவா என்று அம்மா கேட்டதற்குக்கூட நெடுநேரம் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

ஜூன் 21

மூன்றாம் ஆண்டு மனநலச் செவிலியக் குறிப்பேட்டை இன்று எடுத்துப் பார்த்தேன். மனச்சோர்வின் ஒன்பது அறிகுறிகளில், சிந்திக்கவோ கவனம் செலுத்தவோ முடியாமையோடு முடிவெடுக்க இயலாமையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. துவண்ட மனம் அல்லது எதிலும் நாட்டமின்மை, இவ்விரண்டில் ஒன்றாவது உள்ளடங்க ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் நீடித்தால் அது நோய் என்று நானே என் கையால் எழுதி, தேர்விலும் விடையளித்திருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கே கலைந்துவிடும் உறக்கம், குறைந்த உணவு, ஓயாத அசதி, குற்றவுணர்வு, எதிலும் ஒட்டாத மனம் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஐந்துக்கு மேல் வந்தது. வைகாசியிலேயே இவை தொடங்கிவிட்டன. முடிவெடுக்கத் தெரியாததால்தான் மனம் வாடுகிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

ஜூன் 25

நேற்றிரவு அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசினேன். அவர்கள் சொன்னபடி இன்று அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றேன். சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று மருத்துவர் நேரடியாகவே கேட்டார். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது என்று படித்திருந்தாலும், கேட்கப்பட்டபோதுதான் அது எத்தனை ஆறுதல் என்று விளங்கியது. மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றும், அதுவரை ஊர்மாற்றம், திருமணம், வேலை போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளி வைக்குமாறும், என்ன உண்பது, எங்கே நடப்பது போன்ற சிறியவற்றை நானே தீர்மானிக்குமாறும் சொன்னார்.

ஜூன் 29

சித்தி இதைச் சோம்பல் என்றார். வாழ்நாளில் உருவாகும் மனநோய்களில் பாதி 14 வயதிற்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதிற்குள்ளும் தொடங்குவதாக 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எதிர்நோக்கித் திட்டமிடவும் அவசரத்தை அடக்கவும் உதவும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டேயிருக்கிறது. எனக்கு வயது 23. வேலை, நாடு, கடன், கல்யாணம் என அனைத்திற்கும் விடை கேட்கப்படுவதும் இந்த வயதில்தான். தயங்கி நிற்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அவள் உறங்குகிறாளா, உண்கிறாளா என்று வீட்டார் கேட்க வேண்டும் என்பதை மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பால் நின்றுபோன மரத்தை மேலும் வெட்டினால் பட்டைதான் கெடும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். கெடுவை நீட்டித்துத் தரும்படி முகவரிடம் கேட்டேன். உறுதி கூற முடியாது என்றார். அந்த இடம் கைவிட்டுப் போகலாம் என்பது உண்மையான இழப்பு, அதை நான் சிறிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை.

ஜூலை 13

மருந்து தொடங்கி மூன்றாம் வாரம். முதல் சில நாட்கள் குமட்டல் இருந்தது, இப்போது இல்லை. இரண்டு இரவுகளாக ஐந்து மணிவரை உறங்குகிறேன். குவைத்தா, வாரியத் தேர்வா என்பதை இன்னும் தொடவில்லை. 22ஆம் தேதி மறுபடியும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அன்று மழையின்றி வெட்டு நாளாக இருந்தாலும் உடன் வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.